ஹால் சிநேகிதம்

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த இருவர் எங்கேயாவது சந்தித்துக்கொண்டால், என்ன படித்தாய் என்று கேட்பதற்கு முன்னால் "எந்த ஹால்?" என்றுதான் கேட்பார்கள். செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என்று எங்கள் காலத்தில் மூன்று ஹால்கள். விடுதி என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. கல்லூரி 1837இல் சென்னைப் பட்டணத்துக்குள் சிறிய பள்ளிக்கூடமாகத் தொடங்கியது, சரியாக நூறு வருஷம் கழித்து 1937இல் தாம்பரத்துப் புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ரயில் நிலையத்தை விட்டுக் கிழக்கே இறங்கினால் 300 ஏக்கருக்கும் மேலான காடு, அதன் நடுவே வகுப்பறைகள், ஹால்கள். நான் சேலையூர் ஹால். 1971இல் பி.யூ.சி.யில் சேர்ந்து 1975இல் பட்டம் வாங்கும்வரை அங்கேதான் இருந்தேன்.

அறைத்தோழனை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டன் பட்டியலில் யார் பேர் பக்கத்தில் இருக்கிறதோ அவன்தான். நாகர்கோவில்காரன் ஒருவன், கோட்டயத்திலிருந்து ஒருவன், தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவன், நான். சாதியும் மதமும் வீட்டு வசதியும் வேறு வேறு. ஒருவன் சோப்பை இன்னொருவன் எடுப்பான், ஒருவனுக்கு மணியார்டர் வந்தால் எல்லாருக்கும் பரோட்டா. பதினெட்டு வயதில் ஒருவன் தூங்கும்போது எப்படி மூச்சு விடுகிறான், தேர்வுக்கு முந்தின இரவு எப்படிப் பயப்படுகிறான், அம்மாவிடமிருந்து கடிதம் வராத வாரம் எப்படி இருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்துபோகிறது. பிறகு அவனுக்குக் கிடைக்கும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ அந்தப் பையனைத் தெரியாது. அவனைப் பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

எங்கள் ஹாலில் பக்கத்து அறையில் இருந்து, பிறகு நியூ ஜெர்சியில் குடியேறியவன் சொல்வான், அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பேராக வைத்துக்கொண்ட சகோதரச் சங்கங்கள் உண்டென்று. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா காப்பா அந்த எழுத்துப் பேர்களுக்கு முன்னோடி. அங்கே சேர வேண்டுமானால் உறுப்பினர்கள் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்ந்தபின் ஒருவரையொருவர் சகோதரன் என்று அழைப்பார்கள். அவன் அலுவலகத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவர், தன் சங்கத்துச் சகோதரனின் புற்றுநோய்ப் படுக்கையருகே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாராம். அதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இல்லை. தேர்ந்தெடுத்தாலும் சரி, வார்டன் பட்டியல் போட்டாலும் சரி, அந்த வயதில் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் அது உடம்போடு ஒட்டிக்கொள்கிறது.

நாகர்கோவில்காரனை ஹாலில் "இடி" என்று கூப்பிடுவோம். அவ்வளவு பெரிய குரல். ஹால்களுக்கிடையே பந்தயம் நடக்கும்போது மைதானத்தின் ஓரத்தில் நின்று எங்கள் ஹாலுக்காகக் கத்துவதைத் தொடங்கி வைப்பது அவன்தான். அவன் முதலில் கைதட்டித் தாளம் கொடுப்பான். பிறகு நாங்கள் சேர்ந்துகொள்வோம். படிப்பு முடிந்து பாங்க் வேலையில் சேர்ந்தான், ஊர் ஊராக மாற்றல், கடைசியில் திருச்சியில் வீடு. நடுவில் இருபது வருஷம் போல நாங்கள் ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள், கடன் இருந்தது, அப்பா அம்மாக்கள் படுத்தார்கள். அந்த இடைவெளியைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை; அது அந்த வயதின் இயல்பு. ஆனால் அவன் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் எல்லாருக்கும் கடிதம் போடுவதை விடவில்லை. செல்போன் வந்த பிறகும் விடவில்லை.

அந்தக் கடிதம்தான் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது. அவன் எழுத்து எப்போதும் கொட்டை கொட்டையாக இருக்கும்; ஒரு பக்கத்தில் பத்து வரிக்கு மேல் பிடிக்காது. ஒரு பொங்கலுக்கு வந்த கடிதத்தில் ஒவ்வொரு வரியும் வழக்கமான அளவில் தொடங்கி, வலது ஓரத்துக்குப் போகப் போகச் சிறுத்து, கடைசிச் சொல் எறும்பளவுக்கு ஆகியிருந்தது. தஞ்சாவூர்க்காரன் எங்களோடு விலங்கியல் படித்துவிட்டுப் பிறகு மருத்துவத்துக்குப் போனவன். அவனுக்கும் அதே மாதிரிக் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கே இடிக்குப் போன் போட்டு, "வாசனை தெரியுதாடா உனக்கு?" என்று கேட்டிருக்கிறான். காபிப்பொடி வாசனை தெரிந்து ரொம்ப நாளாகிறது என்று பதில் வந்தது. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினான். பார்க்கின்சன்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களில் சிலரைத் தெருவில் கண்டே குறித்துக்கொண்டார். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கை நடுங்க ஆரம்பிப்பதற்குள் அவற்றில் பெரும்பங்கு போயிருக்கும். நடுக்கம்தான் ஊருக்குத் தெரியும். ஆனால் மோப்பம் மங்குவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கைகால் வீசுவது இவையெல்லாம் பல வருஷம் முன்பே வந்துவிடலாம். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. லெவோடோபா இருக்கிறது. 1960களின் இறுதியில் வந்த மருந்து, இன்றும் அதைத்தான் முதன்மையாக நம்புகிறார்கள். நம் ஊர் மருந்துக்கடையில் சிண்டோபா என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அந்த மாத்திரையின் நேரம்தான் இப்போது அவன் வீட்டின் கடிகாரம். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். பருப்பு, தயிர், முட்டை போன்ற புரதம் சேர்ந்துவிட்டால் மருந்து சரியாக உள்ளே ஏறாது. போட்டு முக்கால் மணி நேரத்தில் உடம்பு இளகும், எழுந்து நடப்பான், சட்டைப் பித்தானைத் தானே போடுவான். வேகம் இறங்கியதும் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவான். அவனைப் பார்க்க வருகிற உறவினர்கள் வசதிப்பட்ட நேரத்துக்கு வருகிறார்கள். பிஸ்கட், ஆப்பிள், ஹார்லிக்ஸ் வைத்துவிட்டு, "எப்படி இருந்த மனுஷன்" என்று அவன் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி ஒரு டப்பா கொண்டுவந்தார். பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிட முடியாது, அந்த விதையில் லெவோடோபாவேதான் இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். மாத்திரைக்கு மேல் அளவில்லாமல் இன்னொரு பங்கு சேர்ந்தால் என்ன ஆகும்? டாக்டர் நண்பன் போனிலேயே தடுத்துவிட்டான். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் முதலில் அவருடைய மருந்து நேரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மற்ற உபசாரமெல்லாம் பிறகு.

எனக்கு மிகவும் வலித்தது நடுக்கமோ நடையோ அல்ல, முகம். இந்த நோயில் முகத்தசைகள் இறுகிப்போகின்றன. கண் இமைப்பதுகூடக் குறைகிறது. பேரன் மழலையாக ஏதோ சொன்னாலும், டி.வி.யில் நாகேஷ் வந்தாலும், முகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அவன் மனைவி ஒருநாள் சமையலறை வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "அண்ணா, நான் என்ன செஞ்சாலும் இவருக்குப் பிடிக்கலையோன்னு தோணுது. நாற்பத்தி மூணு வருஷமா அந்த மூஞ்சியப் பாத்துத்தான் உப்பு சரியான்னே தெரிஞ்சுக்குவேன். இப்ப ஒண்ணுமே தெரியல." வந்துபோகிறவர்களோ அவன் கோபமாக இருக்கிறான் என்கிறார்கள், புத்தி மழுங்கிவிட்டது என்கிறார்கள்.

எங்களுக்கு முகம் தேவைப்படவில்லை. ஹாலில் விளக்கணைத்த பிறகு இருட்டில் மணிக்கணக்காகப் பேசியவர்கள் நாங்கள். அவனுக்குச் சிரிப்பு வந்தால் வாய் திறப்பதற்கு முன்னால் வலது தோள் ஒரு தரம் எழும்பித் தாழும். வகுப்பில் சிரிப்பை அடக்கப் பார்த்து அந்தத் தோளாலேயே மாட்டிக்கொள்வான். போன தடவை போயிருந்தபோது நான் வேண்டுமென்றே சேப்பாக்கம் கதையை எடுத்தேன். 1975 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, தாம்பரத்திலிருந்து மீட்டர் கேஜ் மின்ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய் அங்கிருந்து நடந்து மைதானத்துக்குப் போனோம். வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டைச் சாய்த்தான். இந்தியா மொத்தமே 190. அதில் பாதியை விஸ்வநாத் ஒருவரே அடித்தார். கடைசியில் சந்திரசேகர் அவுட்டானதால் சதம் போயிற்று. இதைச் சொல்லிவிட்டு, "பாவம், தொண்ணூத்தஞ்சில நின்னுட்டார்" என்றேன்.

முகத்தில் ஒன்றுமில்லை. நாங்கள் காத்திருந்தோம். பார்க்கின்சன் வந்தவரிடம் பேசும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டும்: கேள்வி போய்ச் சேர்ந்துவிடும், பதிலும் உள்ளே தயாராகிவிடும், வெளியே வரத்தான் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் அடுத்த பேச்சைப் போட்டு நிரப்பினால் அவன் பதில் பிறக்காமலே போய்விடும். வலது தோள் எழும்பித் தாழ்ந்தது. பிறகு, ஒரு காலத்தில் மைதானத்தையே அதிரவைத்த குரல், பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும் அளவில், "தொண்ணூத்தேழு. நாட் அவுட்" என்றது. அவன் மனைவியிடம் தோளைக் காட்டினேன். "அதப் பாருங்க தங்கச்சி. சிரிக்கிறான்." அவர் அன்று மாலை முழுவதும் அவன் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குரலுக்கும் பயிற்சி உண்டு. வாரத்தில் சில நாள் ஒரு பெண் வந்து, மூச்சை இழுத்து நீளமாக "ஆ" சொல்லச் சொல்கிறாள். தான் சத்தமாகப் பேசுவதாகத்தான் அவனுக்குத் தோன்றும். சின்னதாக வருகிறது என்பது அவனுக்கே தெரியாது. "கத்துற மாதிரி பேசுங்க சார்" என்பாள். அந்த நேரத்துக்கு நாங்கள் இருந்தால் நாங்களும் சேர்ந்து கத்துகிறோம்.

நடை இன்னொரு விஷயம். சமதரையில் போய்க்கொண்டே இருப்பவன், அறை வாசற்படிக்கு வந்ததும் தரையோடு பாதம் ஒட்டியதுபோல நின்றுவிடுவான். பிடித்து இழுத்தால் விழுவான். அப்போது அவன் பாதத்துக்குக் குறுக்கே நம் பாதத்தை வைத்தால் அதைத் தாண்டி அடி எடுத்து வைத்துவிடுகிறான். தரையில் குறுக்கே கோடு போட்டாலும் நடக்கும். தானாக நடக்கும் பாதை மூளையில் அடைபட்டுப்போனாலும், கண்ணால் கண்டு தாண்டுவதற்கும் காதால் கேட்ட தாளத்துக்கு அடி வைப்பதற்கும் வேறு பாதை திறந்திருக்கிறது என்று டாக்டர் நண்பன் விளக்கினான். கோட்டயத்துக்காரன் உடனே கடைக்குப் போய் மஞ்சள் டேப் வாங்கிவந்து, படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும் ஏணிப்படி மாதிரி ஒட்டினான். டேப் தீர்ந்துபோன இடத்தில் கைதட்டினான். பழைய ஹால் தாளம். இடியின் கால் எழுந்தது. நான்கு கிழவர்கள் கைதட்டிக்கொண்டு ஒரு நடைவழியில் போனதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்தார்கள்.

மாதத்தில் ஒரு முறை எங்களில் ஒருவர் போய் அங்கே தங்குகிறோம். அது அவனுக்காக என்பதைவிட அவன் மனைவிக்காக. இரவில் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், கழிவறைக்கு எழுப்ப வேண்டும். அந்த அம்மாள் ஒரு முழு இரவு தூங்கி வருஷங்களாகின்றன. நாங்கள் போனதும் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறார். முதல் தடவை போனபோது அங்கே மறுநாள் மதியம் வரை தூங்கினாராம்.

அந்த இரவுகளில் ஒன்றில், விளக்கணைத்த பிறகு, அவன் பேசினான். சாவுக்குப் பயமில்லையாம். "அவளுக்குப் பாரமா போயிட்டேன்டா" என்றான். இல்லை என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆமாம், கனமாத்தான் இருக்க. அதான் நாங்க வந்திருக்கோம்" என்றேன். இருட்டில் தோளைப் பார்க்க முடியாது. ஆனால் கட்டில் லேசாக ஆடியது.

வரும் ஜனவரியில் நியூ ஜெர்சிக்காரன் வருகிறான். எல்லாருமாகத் தாம்பரம் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இடியின் மகள் பயப்படுகிறாள், மருத்துவர் போகலாம் என்கிறார். திருச்சியிலிருந்து காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், எழும்பூர் வரை போக வேண்டாம். ஆறு மணி மாத்திரையை வீட்டிலேயே போட்டுவிட்டு இட்லியை ரயிலில் சாப்பிடலாம். பத்து மணி மாத்திரைக்கு டாக்டர் நண்பன் பொறுப்பு. சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைக்கும் வேலை என்னுடையது. டேப் சுருள் கோட்டயத்துக்காரன் பையில். ஏறும்போது யார் முன்னால் போய்ப் பாதத்தை வைப்பது என்று போனில் அரைமணி நேரம் சண்டை நடந்தது. இடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் ஓய்ந்து, காத்திருந்தபின், ஜன்னல் சீட் தனக்கு என்றான்.