டிவி கேட்டுச்சு... அப்பா ஓ.கே. சொல்லிட்டார்!

எங்க வீட்டு ஹார்ட் டிஸ்க் ஒண்ணு. பங்காளிங்க மூணு: என் லேப்டாப், அண்ணனோட மேக், ஹால்ல பழைய டிவி. தெருக்குழாய்ல குடம் வெச்ச கதையா தினம் சண்டைதான்! என்டிஎஃப்எஸ்னா மேக் படிக்கும், எழுதாது. ஃபேட்32-ன்னா எல்லாத்துக்கும் ஓ.கே., ஆனா 4 ஜிபியைத் தாண்டின ஃபைல் ஏறாது. கடைசியில எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்தினோம். டிவிக்கு அது புரியலை. 'ஃபார்மட் செய்யவா?'ன்னு கேட்டுச்சு. அப்பா பாவம், பாட்டு போடத்தான் கேட்குதுன்னு ரிமோட்ல ஓ.கே. அழுத்திட்டார்.

உள்ளே ஆச்சி இருந்தாங்க. போன வருஷம் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி, முறுக்கு சுத்திக்கிட்டே எங்களைத் திட்டுற ஆறு நிமிஷ வீடியோ. வேற காப்பி கிடையாது.

அப்பா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை. அண்ணன்தான், "புதுசா எதையும் ஏத்தாதே. குவிக் ஃபார்மட்ல அட்டவணைதான் போகும், சரக்கு அங்கேயேதான் கிடக்கும்"னான். ரெகவரி சாஃப்ட்வேர் விடிய விடிய ஓடிச்சு. பேரே இல்லாத ஃபைலா வந்து கொட்டிச்சு. ஒவ்வொண்ணா திறந்து பார்த்தோம்.

"ஏலே, எவம்ல அது?"

ஆச்சியேதான்! அப்பா எதுவும் சொல்லலை. "இன்னொரு தடவை போடு"ன்னார்.

ஹார்ட் டிஸ்க் இப்போ ரவுட்டர்ல செருகியிருக்கு, யாரும் கழட்டறதில்லை. ஆச்சி மட்டும் நாலு இடத்துல இருக்காங்க.