'ட்வென்டி புக்' என்று எழுதினால் கேர்லெஸ்ஸா? சூடான் தோழியிடம் நான் படித்த ஆங்கில இலக்கணம்

என் ஹாஸ்டல் ரூம்மேட் சூடானைச் சேர்ந்தவள். சென்னையில் பி.எஸ்சி. முடித்துவிட்டாள். அடுத்து அயர்லாந்தில் எம்.எஸ்சி. சேர வேண்டும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியில் 6.5 கேட்டிருந்தார்கள். அவளுக்கு வந்தது 5.5. ஒவ்வொரு முறை எழுதவும் 17,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. படிப்பு முடிந்துவிட்டதால் இங்கே விசாவும் முடியப்போகிறது. ஊருக்குத் திரும்பலாம் என்றால் அங்கே வீடு இல்லை. 2023 ஏப்ரலில் போர் தொடங்கிய பிறகு அவள் அப்பாவும் அம்மாவும் ஒம்துர்மானை விட்டு கெய்ரோவுக்குப் போய், அங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். ஆக, அந்த ஒரு மார்க்கில்தான் எல்லாமே நின்றது.

தேர்வில் எழுதிய கட்டுரையைத் திருப்பித் தர மாட்டார்கள், மார்க் மட்டும்தான் வரும். எங்கே சறுக்கினோம் என்று தெரிய வேண்டுமே! கோச்சிங் சென்டரில் எழுதிய மாதிரிக் கட்டுரைகளை எல்லாம் கட்டிலில் பரப்பினாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். ஓரத்தில் 'கேர்லெஸ் மிஸ்டேக்', 'கேர்லெஸ் மிஸ்டேக்' என்று அந்த சார் எழுதியிருந்தார்.

"நான் கேர்லெஸ் இல்லப்பா. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூணு தடவை படிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போனேன்" என்றாள், அழாத குறையாக.

செய்தி எடிட் செய்வது என் தினசரி வேலை. அவசரத்தில் வரும் தப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். இவள் தப்புகள் அப்படி இல்லை. ஒரே மாதிரி இடங்களில் ஒரே மாதிரி வந்தன. அதனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தேன்: "இதை அரபியில எப்படிச் சொல்வே?"

முதல் வட்டம், 'ஐ ஸ்டூடண்ட்'. நடுவில் வர வேண்டிய 'ஆம்' இல்லை. அரபியில் 'அனா தாலிபா' என்றால் முடிந்தது. அனா என்றால் நான், தாலிபா என்றால் மாணவி. நிகழ்காலத்தில் இஸ், ஆம், ஆர் போன்ற சொல்லுக்கே அங்கே வேலை இல்லை. தமிழிலும் 'நான் மாணவி' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறோமே! அடுத்தது கேபிடல் லெட்டர். அரபி எழுத்தில் அப்படி ஒன்று கிடையாது. நமக்கும் கிடையாது. இந்த இரண்டு வட்டங்களைப் பார்த்ததும் எனக்கு என் எட்டாம் வகுப்பு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது.

'தி' விஷயத்தில்தான் பாதை பிரிந்தது. நம் ஆட்கள் 'தி' போட மறப்பார்கள். இவள் அள்ளிப் போடுவாள். 'தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்', 'ஐ லைக் தி காஃபி'. ஆனால், 'ஷி இஸ் எ நர்ஸ்' என்பதில் 'எ' காணாமல் போகும். காரணம் இதுதான். அரபியில் 'அல்' என்பது பெயர்ச்சொல்லோடு ஒட்டி வரும். வாழ்க்கை, அன்பு, காபி என்று பொதுவாகச் சொல்லும்போதும் அதைச் சேர்ப்பார்கள். 'எ' என்பதற்கோ தனிச் சொல்லே இல்லை. ஒன்று கூடுவதற்கும் இன்னொன்று குறைவதற்கும் ஒரே காரணம். (ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா, ஆல்கஹால் எல்லாம் அரபியிலிருந்து இந்த 'அல்' ஒட்டிக்கொண்டே போனவை. 'தி ஆல்கஹால்' என்று எழுதும் ஆங்கிலேயர், தெரியாமலே இரண்டு 'தி' போடுகிறார்!)

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எண்கள்தான். ஒரு கட்டுரையில் 'ஃபைவ் புக்ஸ்' என்று சரியாக எழுதியிருந்தாள். நாலு வரி தள்ளி 'ட்வென்டி புக்'. சார் அதைச் சுழித்து, 'மேலே சரியாக எழுதிவிட்டு இங்கே கேர்லெஸ்' என்று குறித்திருந்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால், அரபிக் கணக்கு வேறு. ஒன்றுக்கு ஒருமை. இரண்டுக்கு 'இருமை' என்று தனி வடிவமே உண்டு. மூன்று முதல் பத்து வரை பன்மை. 11 முதல் 99 வரை மறுபடி ஒருமை! ஐந்து என்றால் 'குதுப்', இருபது என்றால் 'கிதாப்'. மற்ற கட்டுரைகளையும் எடுத்துப் பார்த்தோம். பத்துக்குள் எல்லாம் சரி, பத்தைத் தாண்டியதெல்லாம் தப்பு. கேர்லெஸ்ஸாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்ய முடியுமா?

'தி புக்ஸ் இஸ் நியூ' என்பதும் இதே கதைதான். மனிதர் அல்லாத பன்மையை அரபி இலக்கணம் பெண்பால் ஒருமையாக நடத்துகிறது. பத்து புத்தகம் சேர்ந்தாலும் 'அவள்' தான்.

எனக்குப் புரிய ரொம்ப நேரம் எடுத்தது 'தி புக் விச் ஐ ரெட் இட்'. கடைசியில் அந்த 'இட்' எதற்கு? அரபியில் 'நான் அதைப் படித்தேனே, அந்தப் புத்தகம்' என்கிற மாதிரி 'அதை'யும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். 'அதை' இல்லாவிட்டால் வாக்கியம் நொண்டுவதுபோல அவளுக்குத் தோன்றுகிறது. நாம் 'நான் படித்த புத்தகம்' என்று 'விச்', 'இட்' இரண்டையும் விட்டுவிடுகிறோம். அதனால் தமிழை வைத்து இதை அவளுக்கு விளக்க என்னால் முடியவில்லை. இந்த ஒரு வட்டத்துக்கே இரண்டு இரவு போனது.

இலக்கணம் என்றாலே அவளுக்குச் சின்ன வயதிலிருந்து பயமாம். வீட்டில் பேசுவது சூடான் அரபி. பள்ளியில் எழுதுவது ஃபுஸ்ஹா என்கிற இலக்கிய அரபி. பேச்சுத் தமிழுக்கும் பரீட்சைத் தமிழுக்கும் நடுவில் அல்லாடியவர்களுக்கு இது தனியாக விளக்க வேண்டாம்.

அப்போதுதான் சீபவைஹி கதையைச் சொன்னாள். எட்டாம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கில் இருக்கும் பஸ்ராவில் வாழ்ந்தவர். அரபி இலக்கணத்துக்கே அடித்தளம் அவர் எழுதிய நூல்தான். அதற்குப் பெயரே 'அல்கிதாப்', அதாவது 'புத்தகம்'. ஆனால், அவர் அரபியர் இல்லை, பாரசீகர்! மதக் கல்வி படிக்க வந்த இடத்தில் ஒரு வேற்றுமையைத் தப்பாகச் சொல்லி, எல்லார் முன்னாலும் திருத்தப்பட்டு, அந்த அவமானத்தில் இலக்கணம் படிக்கப் போனார் என்று சொல்வார்களாம். பின்னாளில் பாக்தாத்தில் பெரிய விவாதம். தேளும் குளவியும் வரும் ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு எந்த வேற்றுமை என்பதுதான் கேள்வி. அதில் அவர் தோற்றுப்போனார். எதிராகச் சாட்சி சொன்னவர்களுக்குக் காசு கொடுத்திருந்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. மனம் உடைந்து ஊர் திரும்பியவர், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்.

"அவருக்கும் ரெட் சர்க்கிள் போட்டிருக்காங்க பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்தது அப்போதுதான்.

பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். இரண்டாவது கட்டுரைக்கு 40 நிமிடம், 250 சொற்கள். அதில் கடைசி ஆறு நிமிடத்தை எழுதாமல் ஒதுக்கி வைத்தாள். ஒரு தடவை இஸ், ஆம், ஆர் மட்டும் தேடிப் படிப்பது. அடுத்த தடவை 'தி' மட்டும். அப்புறம் பத்தைத் தாண்டிய எண்கள். கடைசியாக, 'விச்' வந்த இடத்தில் உபரியாக 'இட்' ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. கோச்சிங் சென்டரில் கொடுத்த தடி இலக்கணப் புத்தகத்தை அதற்குப் பிறகு அவள் திறக்கவே இல்லை. அந்த சாரை நான் குறை சொல்ல மாட்டேன். 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவருடைய தாய்மொழியையும் யார் விசாரிப்பார்கள்? ஆனாலும், மாணவரின் மொழியில் அந்த வாக்கியம் எப்படி வரும் என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு சிவப்புப் பேனாவை எடுத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. 'புட் தி ஃபேன்' என்று சொல்லி வகுப்பில் சிரிப்பு வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது முறை எழுதினாள். 6.5 வந்தது. 'தி' யில் இன்னமும் தகராறுதான். ரிசல்ட்டைப் பார்த்ததும் கெய்ரோவுக்கு வீடியோ கால் போட்டு, அம்மாவிடம் மூச்சுவிடாமல் அரபியில் பேசினாள். எனக்குப் புரிந்தது நடுநடுவே வந்த 'அல்' மட்டும்தான். இந்த வாரம் விசாவுக்கான பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.