சொகுசுப் படகு வாங்கப் போறீங்களா? ஒரு கம்பத்துக்காரனின் நாலு கேள்வி

யாட் வாங்குவதைப் பற்றி என்னிடம் ஒருத்தர் யோசனை கேட்பார் என்று கனவில்கூட நினைத்ததில்லை. நமக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம்? சொந்த ஊர் கம்பம். திராட்சைத் தோட்டம், நெல் வயல், அண்ணாந்து பார்த்தால் மலை. மலை ஏறினால் குமுளி, அதற்கு அந்தப் பக்கம் இடுக்கி. தண்ணீர் என்றால் பெரியாற்றுத் தண்ணீர்தான். ஆனால் 2008-ல் துபாய் வந்ததிலிருந்து ஏசி இன்ஜினியராகக் குப்பை கொட்டுகிறேன். அவ்வப்போது யாட் ஏசி வேலைக்கும் போவதுண்டு. அந்த ஒரே தகுதியை வைத்து எங்கள் எம்.டி. கூப்பிட்டார்.

அவர் பாலக்காட்டுக்காரர், கொல்லங்கோடு பக்கம். தமிழும் மலையாளமும் சரிபாதி கலந்த பேச்சு. "ஒரு யாட் பார்த்து வெச்சிருக்கேன். நீ ஒண்ணு போய் நோக்கிட்டு வாடோ" என்றார். 26 மீட்டர் நீளம், மூன்று கை மாறிய படகு. அடுத்த வருஷம் அவருக்கு ஷஷ்டியப்தபூர்த்தி. ஊரிலிருந்து சொந்தபந்தம் நாற்பது பேரை வரவழைத்து, மேல்தளத்தில் இலை போட்டு விருந்து வைக்க வேண்டும் என்பது ஆசை. விற்பவர் தரப்பில் "அம்பது பேர் தாராளமா நிக்கலாம் ஸார்" என்று சொல்லியிருந்தார்கள்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிகள். படகின் விலை வெறும் ஆரம்பம்தான். நிறுத்த இடவாடகை (அதுவும் மீட்டர் கணக்கில்), கேப்டன் சம்பளம், இன்ஷூரன்ஸ், டீசல், அடிப்பாகம் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது என்று வருஷா வருஷம் விலையில் பத்தில் ஒரு பங்கு போகும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. வளைகுடா வெயிலில் ஏசி, ஜெனரேட்டர் செலவு தனி. பழைய படகு என்றால் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஃபைபர் உடம்புக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா, கொப்புளம் கட்டியிருக்கிறதா, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது... இதற்கெல்லாம் ஸர்வேயர் உண்டு. அந்த ஸர்வேயரை நாமே பிடிக்க வேண்டும். ப்ரோக்கர் கைகாட்டும் ஆள் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவையும் எம்.டி.யே விசாரித்து வைத்திருந்தார். எனக்கு உறுத்தியது அந்த மேல்தளமும் நாற்பது பேரும்தான். காரணம், தேக்கடி.

2009 செப்டம்பர் 30. சாயங்கால நேரம், பெரியாறு ஏரியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' கவிழ்ந்தது. 45 பேர் போய்விட்டார்கள். அதில் நம் தமிழ்நாட்டு ஜனங்கள் பலர். நான் இங்கே டி.வி. முன்னால் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டபடி இருந்தேன். விருந்தாளி வந்தால் தேக்கடிக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அன்றைக்கு யார் வீட்டு விருந்தாளி அங்கே போயிருந்தார்களோ என்ற பயம்.

அது ஓட்டை உடைசல் படகு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத, இரண்டு தளம் கொண்ட புத்தம் புதுப் படகு. 75 பேருக்கானதில் 80-க்கும் மேல் ஏறியிருந்தார்கள். கரையில் விலங்கு தெரிகிறது என்று ஜனங்கள் ஒரு பக்கமாக ஒதுங்க, படகு சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை.

ஏன் நிமிரவில்லை? தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும், ஏனென்றால் கனம் முழுக்க அடியில். அதே பொம்மையின் தலையில் ஒரு ஈயக்குண்டை ஒட்டிப் பாருங்கள், படுத்தது படுத்ததுதான். படகும் ஏறக்குறைய அப்படித்தான். கனம் மேலே ஏற ஏற, சாய்ந்தால் திரும்பி நிமிரும் பலம் குறைகிறது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் அண்ணன்மாருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். "மேல மூட்டைய ஏத்தாதடா, வளைவுல கவுத்துரும்" என்பார்கள்.

ஏரிப் படகு வேறு, கோடிக்கணக்கில் விலை போகும் யாட் வேறு என்று நினைக்க வேண்டாம். 2024 ஆகஸ்ட் 19 அன்று இத்தாலியின் சிசிலித் தீவுக்கருகே 'பேய்சியன்' என்ற 56 மீட்டர் பாய்மர யாட் புயற்காற்றில் மூழ்கி 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பிரிட்டிஷ் தொழிலதிபர் மைக் லிஞ்சும் ஒருவர். அதன் பாய்மரம் மட்டும் சுமார் 72 மீட்டர் உயரம். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2025 மே மாதம் இடைக்கால அறிக்கை வெளியிட்டது. பாய் இறக்கி, அடியில் உள்ள நடுப்பலகையையும் மேலே தூக்கி, இன்ஜினில் ஓடும் நிலையில் பக்கவாட்டில் மணிக்கு சுமார் 117 கி.மீ. வேகக் காற்று அடித்தாலே அந்தப் படகு கவிழக்கூடும் என்றது. இந்த விவரம் படகில் இருந்த ஸ்டெபிலிட்டி புத்தகத்தில் இல்லை என்பதுதான் கொடுமை.

ஆக, எங்கள் எம்.டி. பார்த்த படகுக்கு வருவோம். ஸ்டெபிலிட்டி புத்தகம் கேட்டேன். மூன்று வாரம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். அதில் இருந்த படத்தில் மேல்தளம் திறந்தவெளி. நேரில் போனால் தலைக்கு மேலே கூரை, அதன் மேல் ஏசி யூனிட், பின்னால் ஆள் இறங்கிக் குளிக்கும் தொட்டி! தண்ணீர் நிரப்பினால் அதுவே டன் கணக்கில் கனம். எல்லாம் இடையில் வந்த சொந்தக்காரர் சேர்த்தது. அதாவது புத்தகம் ஒரு படகுக்கு, நிற்பது வேறு படகு.

"எடைக்கல்லைத் தளத்தில் இங்கிருந்து அங்கே நகர்த்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்று அளந்து புதுக்கணக்கு போட்டுத் தாருங்கள், செலவை நாங்கள் ஏற்கிறோம்" என்றார் எம்.டி. விற்பவர் சம்மதிக்கவில்லை. ஸர்வேயருக்குக் கொடுத்த பணம் போனது போகட்டும் என்று எம்.டி. விலகிவிட்டார். விருந்து கொல்லங்கோட்டுத் தறவாட்டிலேயே என்று முடிவாகிவிட்டது.

உங்களில் யாராவது யாட் வாங்கும் யோகக்காரராக இருந்தால் (நல்லா இருங்க!) இந்த நாலையும் கேளுங்கள்:

1. ஸ்டெபிலிட்டி புத்தகம் எங்கே? சின்னப் படகு என்றால் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று எழுதிய தயாரிப்பாளர் தகடு எங்கே?

2. அந்தக் கணக்குக்குப் பிறகு மேலே என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?

3. மேல்தளத்துக்கு மட்டும் எத்தனை பேர்? மொத்த எண்ணிக்கையும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

4. இது எந்த மாதிரித் தண்ணீருக்கான படகு? ஐரோப்பியத் தகட்டில் ஏ, பி, சி, டி என்று இருக்கும். ஏ ஆழ்கடலுக்கு. டி என்றால் ஏரி, காயல் மாதிரி அலை அடங்கிய இடத்துக்கு மட்டும்.

யாட் வாங்கும் வசதி இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கும் மூன்றாவது கேள்வி உதவும். 2023 மே 7 அன்று தானூரில் 22 உயிர்களைக் கொண்டுபோனது, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகுதான். லீவுக்கு ஊருக்குப் போய் மலம்புழாவிலோ தேக்கடியிலோ குழந்தைகளோடு படகு ஏறும்போது ஒரு நிமிஷம் நின்று, மேலே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டுங்கள், போட்டோவுக்கு என்று கழற்ற வேண்டாம். யானை தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். கூட்டம் அதிகமாகத் தெரிந்தால் அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருங்கள். யானை எங்கேயும் போய்விடாது.