தகடூர்த் திரட்டு

சென்ற தை மாதத்தில் ஒரு பிற்பகல், அண்ணனின் மகள் காலணிப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு கல்லூரிக்கு வந்தாள். பெட்டிக்குள் ஒன்பது குறுந்தகடுகள். எட்டின் மேல் மார்க்கர் பேனாவால் எண் எழுதியிருந்தது. ஒன்பதாவதில் எண் இல்லை. ‘புலவர்களுக்கு’ என்ற ஒற்றைச் சொல் மட்டும்.

“வெள்ளையடிக்க அலமாரிய காலி பண்ணப்ப கெடச்சது சித்தப்பா. இதெல்லாம் இன்னும் பாடுமா?” என்றாள்.

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. முதல் எட்டையும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாவது எங்களுக்காகவே செய்யப்பட்டது. அதை நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நாங்கள் என்பது இருவர். இதை எழுதுகிறவரும், இப்போது பாலக்கோட்டுப் பக்கம் பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருக்கும் அறைத்தோழரும். முதுகலை படித்த காலத்தில் தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகே ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். மூன்றாமவர் அண்ணன். உறவால் அண்ணன் அல்லர். வயதால், வாடகையில் பாதியைத் தாமே கொடுத்ததால் அண்ணன். ஓசூரில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சனிக்கிழமை இரவு வருவார், திங்கள் விடியலில் போவார். எங்களைப் ‘புலவரே’ என்றுதான் கூப்பிடுவார்; அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

இந்த ஊருக்கும் ராக், ஹெவி மெட்டல் இசைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். தருமபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர், பெங்களூர் 130தான். காரிமங்கலம், கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி என்று பேருந்து போய்ச் சேரும் நகரத்தில், அந்நாளில் இந்தியாவிலேயே இவ்விசைக்கு மிகுந்த காதுகள் இருந்தன. அண்ணன் மாதச் சம்பளம் வாங்கிய ஞாயிறன்று ப்ரிகேட் சாலைக்குப் போய் ஒரு குறுந்தகடு வாங்குவார். வெளிநாட்டுத் தகடு 400, 500 ரூபாய் விற்ற காலம். எங்கள் மூவரின் ஒரு மாதச் சாப்பாட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது பெருங்குற்றம். குற்றத்தில் நாங்களும் பங்காளிகள் என்பதால் யாரும் யாரையும் கண்டிக்கவில்லை.

அண்ணனுக்கு இந்த இசை பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். பிளாக் சாபத் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்ஹாமில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை எந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பின்னர், விரல் நோகாதிருக்கத் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தினார். அப்படிப் பிறந்த கனத்த தாழ்ந்த ஒலியைத்தான் பிறகு உலகம் ஹெவி மெட்டல் என்றது. “நம்ம ஆளு, பிரஸ் ஷாப் ஆளு” என்று அண்ணன் சொல்லும்போது தம் பத்து விரல்களையும் விரித்துப் பார்த்துக்கொள்வார்.

இவ்விசையைச் சத்தம் என்று ஒதுக்குகிறவர்களோடு நாங்கள் வாதிடுவதில்லை. ஆடியில் மாரியம்மன் கோயில் பம்பைக்கு முன்னால் நின்று பழகிய செவிக்கு அது அத்தனை அந்நியமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

சி.டி. சிங்கிள் என்ற ஒன்றை எங்களுக்குக் காட்டியவரும் அவரே. மேலைநாடுகளில் ஒரு பாடலை முன்னிறுத்தி, கூடவே இரண்டு மூன்று பாடல்களைச் சேர்த்து, தனித்தகடாக விற்பார்கள். இங்கே அது கடைக்கு வருவது அரிது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தகடு, மெட்டாலிகா 1996இல் வெளியிட்ட ‘ஹீரோ ஆஃப் தி டே’, எப்படியோ அவர் கைக்கு வந்திருந்தது. முதற்பாட்டைவிட அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தவைதாம் அவருக்கு முக்கியம். மோட்டர்ஹெட் குழுவின் பாடல்களை மெட்டாலிகாவினர் மரியாதையாகத் திருப்பிப் பாடியவை. 1998இல் ‘கராஜ் இன்க்.’ என்ற இரட்டைத் தகட்டில், பிறர் பாடல்களை அவர்கள் பல ஆண்டுகளாகப் பாடி அங்கங்கே சிதறவிட்டவை ஒன்றுசேர்க்கப்பட்டபோது இவையும் உள்ளே வந்துவிட்டன. “தனிப்பாட்டெல்லாம் திரட்டுக்குள்ள போயிடுச்சி புலவரே” என்றார். தனிப்பாடல் திரட்டை நாங்கள் பாடமாகப் படித்துக்கொண்டிருந்த பருவம் அது. எங்களிடம் கேட்ட சொல்லை எங்களுக்கே திருப்பித் தந்தார்.

பிறகு அவரே தொகுக்கத் தொடங்கினார். வாங்கிய தகடுகளிலிருந்து பாடல்களைத் தேர்ந்து, ஓசூரில் ஒரு கணினி மையத்தில் வெற்றுத்தகட்டில் பதிந்து கொண்டுவருவார். சட்டப்படி அது திருட்டுத்தான்; மறைப்பானேன். எம்பி3 முறையில் ஒரே தகட்டில் நூற்றைம்பது பாட்டை அடைக்கலாம் என்று கணினி மையத்துப் பையன் எவ்வளவோ சொன்னான். அண்ணன் கேட்கவில்லை. பழைய முறையில் 74 நிமிடம், மிஞ்சினால் 80. அதற்குள் எது நிற்கும், எது வெளியே போகும் என்பதில்தான் அவருக்கு ஒரு வாரத் தூக்கம் கெட்டது.

முதலிரண்டு தகடுகளை அவர் கால அளவு பார்த்துப் பிரித்திருந்தார். ஒன்றில் எல்லாம் நாலு நிமிடத்துக்குக் குறைந்தவை: பிளாக் சாபத்தின் ‘பாரனாய்ட்’, மோட்டர்ஹெட்டின் ‘ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்’ போன்றவை. இரண்டாவதில் ஏழு நிமிடத்துக்குக் குறையாதவை; டீப் பர்ப்பிளின் ‘சைல்ட் இன் டைம்’ அதில்தான். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு முதல் எட்டு அடி குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அகநானூறு என்று அடி எண்ணிப் பிரித்த கைகளைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. முதல் தகட்டுக்குக் குறுந்தொகை என்றும் இரண்டாவதற்கு நெடுந்தொகை என்றும் நாங்கள் பெயர் வைத்தோம். தொகுத்தார் என்றும் தொகுப்பித்தார் என்றும் பழைய குறிப்புகள் இருவரைச் சொல்லும். இங்கே இரண்டும் அண்ணன்தான். அரசனின் செலவும் புலவனின் உழைப்பும் ஒரே தொழிலாளியின் சம்பளத்தில் நடந்தன.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பாடியவர் பெயரை எழுதித் தரமாட்டார். “பேரப் பாத்தீங்கன்னா பேரத்தான் கேப்பீங்க.” பத்துமுறை கேட்ட பிறகே வாயால் சொல்வார். அதுவரை நாங்கள் குறுந்தொகை வழியைப் பின்பற்றினோம். பெயர் தொலைந்த புலவரை அவர் பாட்டில் உள்ள தொடராலேயே செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று அழைத்தார்கள் அல்லவா? நாங்களும் இரும்படியார், பேய்ச்சிரிப்பார் என்று சூட்டினோம். மணியோசையார் என்று ஒருவர் இருந்தார். மணி அடித்துத் தொடங்கும் பாட்டு மூன்று வெவ்வேறு தகடுகளில் வந்தது. மூன்றும் ஒருவருடையது என்றே நெடுநாள் நம்பியிருந்தோம். மழையும் இடியும் மணியுமாகத் தொடங்குவது பிளாக் சாபத் 1970இல் பாடியது. மணி மட்டும் தனியே நின்று முழங்குவது 1980இல் ஏசி/டிசி பாடியது. மூன்றாவது 1984இல் மெட்டாலிகா பாடியது என்று அண்ணன் பிரித்துக் காட்டியபோது, ஔவையார் ஒருவரா பலரா என்ற வகுப்பறைச் சண்டை எங்களுக்கு வேறுவிதமாகக் கேட்கத் தொடங்கியது.

தொகுப்பு என்பதன் வல்லமையை நாங்கள் இவ்விசையில்தான் கண்கூடாகப் பார்த்தோம். 1982இல் பிரையன் ஸ்லேகல் என்ற இசைத்தட்டுக் கடை ஊழியர், ஒப்பந்தமே கிடைக்காத குழுக்களைத் திரட்டி ‘மெட்டல் மசாக்கர்’ என்று வெளியிட்டார். மெட்டாலிகா முதன்முதலில் உலகுக்கு வந்தது அந்தத் தொகுப்பில்தான். முதற்பதிப்பில் அவர்கள் பெயரிலேயே எழுத்துப்பிழை. பிந்திய பதிப்புகளில் அதே பாட்டின் வேறொரு பதிவு. ஏட்டுச்சுவடிக்கு மட்டுமா பாடபேதம்? இந்தியாவில் அமித் சைகல் 1993இல் அலகாபாத்தில் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழ், ‘கிரேட் இண்டியன் ராக்’ என்ற பெயரில் நம் நாட்டுக் குழுக்களைத் தொகுத்தளித்தது. 2012 தொடக்கத்தில் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்புகள் இல்லையென்றால் பல குழுக்களின் ஒரே ஒரு பாட்டும் நமக்கு எஞ்சியிருக்காது.

தருமபுரியில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா? இந்த ஊர்தான் தகடூர். அதியமான் மேல் சேரமான் படையெடுத்து வந்த போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ நூலாக நமக்குக் கிடைக்கவில்லை. அதில் நாம் இன்று படிக்கக்கூடியவற்றில் பெரும்பகுதி, பெயர் தெரியாத ஒருவர் தொகுத்த ‘புறத்திரட்டு’க்குள் பதுங்கியிருந்து தப்பியது. இதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்லும்போதெல்லாம் ஒன்பதாவது தகடு நினைவுக்கு வரும்.

2007 மார்ச் 17ஆம் நாள் பெங்களூர் அரண்மனைத் திடலில் அயர்ன் மெய்டன் பாடியதைக் கேட்க மூவரும் போனோம். தில்லியைச் சேர்ந்த பரிக்ரமா முன்னதாக வாசித்தது. நெடுங்காலம் ஆல்பம் என்று எதையும் விற்காமல், பாடல்களைத் தனித்தனியே இணையத்தில் இலவசமாகக் கொடுத்த குழு அது. இரவு வண்டியில் திரும்புகையில் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கிருஷ்ணகிரி தாண்டித் தேநீருக்கு இறங்கியபோது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அடுத்த ஆண்டு எங்களுக்கு அகன்ற அலைவரிசை இணைப்பு வந்தது. உலகத்துக் குழுக்கள் அனைத்தின் முழு ஆல்பங்களும் வன்தட்டில் நிறைந்தன. கூடவே ஓர் அகங்காரமும் வந்தது. ஆல்பம் முழுமையான படைப்பு, தொகுப்பு என்பது சோம்பேறிகளுக்கானது என்று, எங்கோ படித்ததை எங்கள் கருத்தாகவே பேசிக்கொண்டு திரிந்தோம். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது உறையில் ஒரு தகட்டை எடுத்து நீட்டினார். “இனிமே எதுக்கண்ணே இது? எல்லாமே கம்ப்யூட்டர்ல இருக்கே” என்றோம். எங்களில் எவர் சொன்னது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் வழக்கு உண்டு. ஒருவர் சொன்னார், மற்றவர் சிரித்தார். “அதுவுஞ் சரிதான்” என்று சொல்லி அலமாரியில் திரும்ப வைத்தார். அதன்பின் அவர் எதையும் தொகுக்கவில்லை. 2014இல் மஞ்சள் காமாலை கண்டு, இருபது நாளில் போய்விட்டார்.

மகள் கேட்டதற்கு வருகிறோம். எங்கள் வீடுகளில் குறுந்தகடு ஓட்டும் கருவி எதுவும் மிஞ்சவில்லை. மடிக்கணினிகளில் அதற்கான வாயே இல்லை. துறையில் மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் இருந்தது. எட்டும் ஏறக்குறைய முழுதாகப் பாடின. கடைசியாகப் ‘புலவர்களுக்கு’ உள்ளே போனது.

குறுந்தகட்டின் பாட்டு உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு நோக்கிச் சுருளாகப் போவது. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்ற பொருளடக்கம் எல்லாவற்றுக்கும் உள்ளே, மையத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கும். வீட்டில் பதிந்த தகட்டின் சாயம் கெடும்போது பெரும்பாலும் வெளிவிளிம்புதான் முதலில் போகும். ஆகவே திரையில் பதினொரு வரிகள் ஒழுங்காகத் தோன்றின, நிமிடமும் நொடியுமாக. முதற்பாட்டு மழை, இடி, மணி. எங்களுக்கென்றே வைத்த தொடக்கம் அது. நாலு பாட்டு குறையின்றிப் பாடின. ஐந்தாவது நடுவே திக்கி ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லி நின்றது. ஆறிலிருந்து எதுவும் திறக்கவில்லை. துடைத்துப் பார்த்தோம், வேறு கணினியில் போட்டுப் பார்த்தோம். அளவுகள் மட்டும் இருக்கின்றன, பாட்டு இல்லை.

பதினொன்றாவது பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல். அந்த நீளத்தில் அண்ணனிடம் இருந்திருக்கக்கூடியது அயர்ன் மெய்டன் 1984இல் பாடிய ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியண்ட் மரைனர்’. 1798இல் அச்சேறிய கோல்ரிட்ஜின் நெடும்பாட்டைத் தழுவியது. இளங்கலையில் ஆங்கிலத்தாளுக்காக அதை உருப்போட்டதைப் பற்றி நாங்கள் புலம்பியபோது, “அத பாட்டாவே ஒருநாள் தரேன்” என்று சொல்லியிருந்தார். அதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்றவற்றின் அளவை வைத்து எத்தனையோ பாட்டுக்களைப் பொருத்திப் பார்த்துவிட்டோம். நாலேகால் நிமிடத்துக்கு எத்தனை பாட்டு இல்லை உலகில்?

மகள் தன் குறிப்பேட்டில் பட்டியல் எழுதினாள். ஒன்று முதல் ஐந்து வரை நாங்கள் சொல்லச்சொல்ல எழுதினாள், பாடியவர் பெயரோடு. ஆறு முதல் பத்து வரை எண்ணும் நேரமும் மட்டும் இட்டு வரியைக் காலியாக விட்டாள். பதினொன்றுக்கு எதிரே பெயர் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அப்புறம் கைப்பேசியில் அதைத் தேடி எடுத்து, மேசைமேல் வைத்து, முழுப் பதின்மூன்று நிமிடமும் எங்களோடு உட்கார்ந்து கேட்டாள்.