மூடிக்கு உட்புறம்

திருச்சியில் பாக்கெட் வாட்ச் அணிவதற்கு முதல் எதிரி வெயில். கோட்டுக்குள் போடும் வெய்ஸ்ட்கோட்டை நம்பிப் பிறந்த பொருள் அது. ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் கூடத்துப் புகைப்படங்களில் தாத்தாக்கள் தலைப்பாகையும் கோட்டுமாக, வயிற்றுக்குக் குறுக்கே ஒரு சங்கிலி தொங்க, நம்மை முறைத்துக்கொண்டு நிற்பார்கள். சங்கிலியின் மறுமுனையில் கடிகாரம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஜீன்ஸில் வலப்பக்கப் பைக்குள் ஒரு குட்டிப் பை இருக்கிறதே, சில்லறைக்கென்று எல்லோரும் நினைப்பது, அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடிகாரத்துக்காக வைக்கப்பட்டது. ஆனால் இன்றைய ஜீன்ஸில் என் ரயில்வே கடிகாரம் அதற்குள் போகாது. அதனால் சட்டைகளுக்கு உள்பை தைக்கச் சொன்னேன். "பஸ்ஸுல போறப்ப பணம் வைக்கவா சார்?" என்றார் தையல்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கப் போனால் கூலி ஏறும்.

எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை அம்மா மண்டபம் பக்கம் காபி குடித்துவிட்டு, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் வெள்ளைத் துண்டு விரித்து உட்காருவோம். ஒருவர் பல் மருத்துவர். ஒருவன் கல்லூரி மாணவன், எச்.எம்.டி. தவிர வேறெதையும் தொடமாட்டான். அந்தக் கடிகாரத் தொழிற்சாலைகள் மூடப்பட்ட துக்கம், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவனுக்குத்தான் அதிகம். இன்னொருவர் பொன்மலைப் பணிமனையில் ஓய்வு பெற்றவர். தன்னிடமிருக்கும் ஒன்பது கடிகாரங்களில் ஒன்றை மட்டும் 8 நிமிடம் 46 விநாடி பின்னால் வைத்திருக்கிறார். அது மதராஸ் நேரம். 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வரும்வரை இந்த நாட்டு ரயில்கள் பெரும்பாலும் மதராஸ் வானாய்வகத்தின் நேரத்தில்தான் ஓடின. "அதுவும் நம்ம ஊர் நேரம் இல்லை சார்" என்பார். உண்மைதான். திருச்சிச் சூரியன் சராசரியாக இந்திய நேரத்துக்குக் கால் மணி பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. நாழிகை பார்த்து நடக்கும் கோயிலுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் தேவைப்பட்டதில்லை.

என் கடிகாரம் சுவிட்சர்லாந்தில் செய்தது. பதினைந்து கல். வெள்ளை எனாமல் டயலில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தலைமுடி போல ஒரு விரிசல். பின்பக்கம் எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும். சவுத் இந்தியன் ரயில்வே, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த கம்பெனி. நாகப்பட்டினத்துப் பணிமனையை 1928-இல் பொன்மலைக்குக் கொண்டுவந்தது அவர்கள்தான். 1951-இல் தெற்கு ரயில்வேயில் கலந்துவிட்டார்கள். விசில், கொடி, கைவிளக்கோடு கடிகாரமும் கார்டின் பணிப்பொருள். எண் போட்டுக் கொடுத்து, எண் பார்த்துத் திரும்ப வாங்குவார்கள். இது எப்படித் திரும்பாமல் போனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

பின்மூடியைத் திறந்து, லூப் வைத்து, வெளிச்சத்தைச் சாய்வாக விட்டால் உட்புறத்தில் கீறல்கள் தெரியும். பழுது பார்த்தவர்கள் ஊசி முனையால் போட்ட அடையாளங்கள். தேதி, முதலெழுத்து, தங்கள் கணக்குக்கு ஒரு குறி. என்னுடையதில் ஏழு இருக்கின்றன. சாய்ந்த ஆங்கில எழுத்தில் 1931 என்று ஒன்று. 1944 என்று ஒன்று. பிறகு தமிழில் ஒரு 'மு', பக்கத்தில் 12-8-62.

பல் மருத்துவருக்கு இது பொறுக்காது. "சொத்தை மாதிரி இருக்கு. ஒரு பஃப் போட்டா பளிங்கு மாதிரி ஆயிடும், நானே ரெண்டு மடங்கு தர்றேன்" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். சந்தை அவர் பக்கம்தான். சுத்தமான மூடிக்குத்தான் விலை. எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. டயலில் செய்த கம்பெனி இருக்கிறது, முதுகில் வாங்கிய கம்பெனி இருக்கிறது. இந்தக் கடிகாரத்தில் எண்ணெய் சில வருடங்களில் காய்ந்துவிடும். தொண்ணூறு வருடத்துக்கு மேல் இது ஓடியிருக்கிறதென்றால், இருபது தடவையாவது யாரோ பிரித்து, கழுவி, எண்ணெய் தொட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஏழு பேருக்குத்தான் அத்தாட்சி இருக்கிறது. அதையும் தேய்த்துவிட்டு நான் எதைச் சேகரிப்பது?

போன வருடம் அது நின்றுபோனது. பேலன்ஸ் ஸ்டாஃப் முனை ஒடிந்திருந்தது. பெரிய கடை வீதி பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிப் பெட்டி வைத்த மேஜைதான் பாயின் கடை. வயது எண்பதை நெருங்கும். மூடியைத் திறந்தவர், உள்ளே இருந்த இயந்திரத்தைப் பார்க்காமல் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க வாத்தியார் கை தம்பி."

"மு-வா பாய்?"

"தமிழ்லதான் போடுவாரு. அறுபத்திரண்டுல நான் கடையில சேர்ந்துட்டேன். அன்னிக்கு டீ வாங்கப் போயிருப்பேன்."

அவர் அடையாளம் எதிலாவது இருக்கிறதா என்று கேட்டேன். முன்பெல்லாம் போடுவாராம். பிறகு, கடிகாரத்தில் கீறல் போட்டுவிட்டீர்கள் என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வரத் தொடங்கியதால் விட்டுவிட்டார். ஒரு பழைய கடிகாரத்திலிருந்து ஸ்டாஃப் எடுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். "சித்திரையோட கடையைக் காலி பண்றேன். அதுக்குள்ள முடிச்சிடுவேன்."

மூன்று வாரம் கழித்துப் போனபோது ஓடிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். புதிதாக எதுவும் இல்லை. போடுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். நான் நகரவில்லை. கடைசியில் ஊசியை எடுத்துக்கொண்டு லூப்பைக் கண்ணில் செருகினார். ஹேர் ஸ்பிரிங்கைப் பிடிக்கும்போது நடுங்காத கை, இதற்கு நடுங்கியது. இடையில் இரண்டு தரம் நிறுத்தி, சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். வாத்தியாருடைய 'மு'வுக்குக் கொஞ்சம் கீழே, தேதி மட்டும். பெயர் போடவில்லை. கடைசி எண்ணில் ஊசி வழுக்கி ஒரு வால் நீண்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு திண்ணையில் மூடி கைமாறியது. பொன்மலைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாணவனிடம் கொடுத்தார். பல் மருத்துவர் புதுக் கீறலை நகத்தால் தடவிப் பார்த்து, தான் சொல்லியிருந்த விலையில் ஆயிரம் ரூபாய் குறைத்தார்.