நாற்காலி மட்டும் போதாது தோழர்களே

"எங்க நிர்வாகக் குழுவுல எஸ்.சி. ஒருத்தர்கூட இல்ல. நிதி குடுக்குறவங்க கேக்குறாங்க. நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்லுங்க தோழர்."

சமூகப்பணியில் இருக்கும் எங்கள் நண்பர் வட்டத்துக்கு இப்படி அழைப்புகள் வருவது வழக்கம். நல்ல ஆள் என்றால் எப்படி என்று கேட்போம். "படிச்சவரா, எல்லாரையும் அனுசரிச்சுப் போறவரா இருந்தா நல்லது" என்பார்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் தேடுவது தலைவரை அல்ல, ஆண்டறிக்கையில் போடுவதற்கு ஒரு புகைப்படம்.

நாங்கள் பார்த்த தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் சேரிக்குள் போய்க் கூட்டம் கூட்டுகிறவர் நம் ஆள். திட்டம் எழுதுகிறவரும், சம்பளம் முடிவு செய்கிறவரும், காசோலையில் கையெழுத்துப் போடுகிறவரும் வேறு ஆட்கள். இதைச் சாதி என்று யாரும் சொல்வதில்லை; 'திறமை', 'அனுபவம்' என்கிறார்கள்.

இது புதிய கதை இல்லை. 1932இல் பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு தீண்டாமை ஒழிப்புக்கென்றே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதுதான் ஹரிஜன சேவக் சங்கம் ஆனது. தலைவர் ஜி.டி.பிர்லா, செயலாளர் தக்கர் பாபா. அண்ணல் அம்பேத்கர் அதன் மத்தியக் குழுவில் இருந்து, விரைவிலேயே விலகினார். தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், பரிகாரமும் அவர்களே செய்ய வேண்டும், எனவே நிர்வாகமும் அவர்களிடமே இருக்கட்டும் என்பது காந்தியின் வாதம். யாருக்காக அமைப்போ அவர்கள் அதில் பயனாளிகளாகவே இருந்தார்கள்.

நாற்காலி கிடைத்தும் அதிகாரம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊராட்சிகளே பாடம். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டது. முதலில் வேட்புமனுவே போட விடவில்லை. பிறகு ஆதிக்கச் சாதியினர் தாங்களே ஓர் ஆளை நிறுத்தி, ஜெயித்ததும் ராஜினாமா செய்ய வைத்தார்கள். முறையான தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. மேலவளவில் தேர்தலில் நின்று வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவரான நம் பெண்ணைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவை மூடிக்கொண்டால் தலைவரால் தெருவிளக்குகூட மாற்ற முடியாது.

எனவே ஆள் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் மூன்று கேள்விகள் கேட்கிறோம்.

ஒன்று, தேர்ந்தெடுக்கும் குழுவில் யார் இருக்கிறார்கள்? நீங்களே உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் உங்களுக்குப் பிடித்தவர்தான் வருவார். அந்த மேசையில் களப்பணியாளர்களும் மக்களும் இருக்க வேண்டும்.

இரண்டு, வருகிறவருக்குப் பணத்திலும் ஆள் நியமனத்திலும் என்ன அதிகாரம்? எழுத்தில் காட்டுங்கள்.

மூன்று, அவர் ஒருவர்தானா? பத்துப் பேர் நடுவே ஒற்றை ஆளாக இருப்பவர் எதிர்த்துப் பேசினால் 'கோபக்காரர்' என்பார்கள், பேசாவிட்டால் 'பொம்மை' என்பார்கள். இரண்டு மூன்று பேராவது இருந்தால்தான் வாய் திறக்க முடியும்.

இந்தக் கேள்விகளோடு சிலர் திரும்ப அழைப்பதே இல்லை. பரவாயில்லை.

இதே கேள்விகள் நம் அமைப்புகளுக்கும் உண்டு. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது நமக்குள்ளேயே எத்தனை முணுமுணுப்பு! 2024இல் உச்ச நீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. ஆனால் நம் மேடைகளில் அருந்ததியர், புதிரை வண்ணார் தோழர்கள் எத்தனை பேர்? பொருளாளராக எத்தனை பெண்கள்? கூட்டத்துக்கு ஆள் திரட்டவும் வரவேற்புரை சொல்லவும் மட்டும் அவர்களை அழைத்தால், அந்தத் தொண்டு நிறுவனங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

மாணவத் தோழர்களே, அடுத்த மாதம் உங்கள் வாசகர் வட்டத்துக்கோ மாணவர் அமைப்புக்கோ பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், பெயர்ப் பட்டியல் போடுவதற்கு முன்னால் வேறொரு பட்டியல் போடுங்கள். பணம் யாரிடம், கூட்டத்தில் என்ன பேசுவது என்று முடிவு செய்வது யார், கடைசியாக எப்போது அந்தப் பொறுப்பு கை மாறியது? எழுதிப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.