விளக்கில்லாப் பெட்டி

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த இரண்டாம் வாரம். அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். தங்கை மகன் வந்து ஸலாம் உரைத்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினான். கணிப்பொறி ஒன்றுக்கு வேண்டிய உறுப்புகளின் பட்டியல் அது. 'ஆட்டம், ஸ்ட்ரீமிங் - ரூ. 55,000' என்று தலைப்பில் எழுதியிருந்தான். பட்டியலின் முதல் வரியில் பிராசஸரும் இல்லை. கிராபிக்ஸ் கார்டும் இல்லை. எஸ்.எம்.பி.எஸ். என்று இருந்தது. அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக நமக்குச் சற்று நேரமாயிற்று. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

நம் வயதொத்த அன்பர்களுக்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படலாம். ஒருவன் தன் வீட்டிலிருந்து கணிப்பொறியில் விளையாடுகிறான். அவன் விளையாடுவதை அவ்வேளையிலேயே, அவன் பேச்சோடும் சேர்த்து, எங்கெங்கோ இருக்கும் பலர் பார்க்கிறார்கள். இதுவே ஸ்ட்ரீமிங். 'பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் ஆள் உண்டா?' என்று முதலில் நகைத்தோம். ஊர் மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடந்த நாள்களில் சுற்றுச்சுவர் மேல் மாலை முழுதும் ஏறி நின்றவர் நாம். அவ்வாறு நகைத்திருக்கக் கூடாது. மருமகன் ஆடுவதும் கால்பந்தே. ஈஃபுட்பால் என்னும் அந்த ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நம்மூர்த் தமிழில் வருணனை சொல்லிக்கொண்டே ஆடுவான். வளைகுடாவில் இருக்கும் பையன்கள் சிலர் வேலை முடிந்து வந்து கேட்பார்கள். ஓராண்டாகக் கைப்பேசியிலேயே இதைச் செய்து பார்த்தான். ஆட்டம் சூடு பிடிக்கும்போது கைப்பேசியும் சூடு பிடித்துப் படம் நின்றுவிடும்.

பணம் அவனுடையது. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இரண்டாண்டுகள் மாலை வேளைகளில் உழைத்துச் சேர்த்தது. தங்கை தன் கழுத்துச் சங்கிலியைத் தர முன்வந்தாளாம், வேண்டாமென்று விட்டான். ஆகவே 55,000 என்பது அசையாத எல்லை. மானிட்டரும் விசைப்பலகையும் பழையவை இருந்தன. அப்படியிருந்தும் அத்தாளில் எழுதியிருந்ததைவிட அடித்திருந்ததே மிகுதி.

நாம் சொன்ன முதல் யோசனையே தவறாகப் போயிற்று. அலுவலகங்கள் கழித்துக் கட்டும் பழைய கணிப்பொறிகள் மலிவாகக் கிடைக்கின்றனவே, ஒன்றை வாங்கிக் கார்டு மட்டும் போட்டால் ஆகாதா என்றோம். அவன் பொறுமையாக விடை சொன்னான். அவ்வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இன்டெலின் நான்காம், ஆறாம் தலைமுறைப் பிராசஸர்கள். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் நிற்கப் போகிறது என்றான். (சொன்ன நாளில் நிற்கவும் செய்தது.) அதற்குமேல் நாம் வாய் திறக்கவில்லை. துணைக்கு மட்டும் வருவதாகச் சொல்லி, இரவு வண்டியில் அவனோடு சென்னைக்குப் புறப்பட்டோம்.

ரிச்சி தெரு நமக்குப் புதிதன்று. 1980-களில் டிரான்சிஸ்டர் வானொலிக்கு வால்யூம் கன்ட்ரோல் தேடி அங்கே அலைந்திருக்கிறோம். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அதே நெரிசல். மீரான் சாகிபு தெருவின் பெயர்ப்பலகையும் அதே. கடைகளில் உள்ள பொருள்கள்தாம் வேறு. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் செந்நிறமும் நீலமும் மாறி மாறி ஒளிர, கல்யாண வீட்டு வாசல்போல் இருந்தது ஒவ்வொரு கடையும். அந்த விளக்குகளால் கணிப்பொறிக்கு ஏதும் பயன் உண்டா என்று கேட்டோம். "இல்லை மாமா, விலைதான் கூடும்" என்றான்.

எந்தக் கடையிலும் அவன் முதலில் கேட்டது எஸ்.எம்.பி.எஸ்.ஸையே. வீட்டு மின்சாரத்தை வாங்கி, கணிப்பொறியின் உறுப்புகளுக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டுமாகப் பிரித்துத் தரும் இரும்புப் பெட்டி அது. கேபினட்டோடு ஒன்று இலவசமாக வரும் என்றார் ஒரு கடைக்காரர். '450 வாட்' என்று அதன்மேல் ஒட்டியுமிருந்தது. மருமகன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தான், பூப்போல் இருந்தது. ஒட்டிய தாளைத் திருப்பி, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மேசைமேல் வைத்தான்.

காரணம் சொல்வோம் என்றோமல்லவா? இதுதான் அது. 2018-இல் அவனுக்கு முதற் கணிப்பொறி வாங்கிக் கொடுத்தவர் நாம். அன்றும் இப்படியொரு கடை; இப்படியோர் இலவசப் பெட்டி. நல்லதாக வேண்டுமாயின் 1,500 ரூபாய் கூடும் என்றார்கள். 'உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கப் போகும் பெட்டிக்கு எதற்கு இவ்வளவு விலை?' என்று கேட்டவர் நாமே. அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஓரிரவு, அப்பெட்டி புகைந்தது. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே கொண்டு போயிற்று. அந்த டிஸ்க்கில்தான் அவன் வாப்பாவின் குரல் இருந்தது. மச்சான் ஜித்தாவில் இருந்த காலத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்செய்திகள். படித்தாயா, தொழுதாயா, உம்மாவுக்கு மருந்து வாங்கினாயா என்பவை. 2017-இல் மச்சான் வஃபாத்தானபின், கைப்பேசி பழையதாகிவிட்டதென்று பையன் அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றியிருந்தான். மீட்டுத் தருவோரிடம் இரண்டு இடங்களில் கொடுத்துப் பார்த்தோம். பயனில்லை.

அதைப் பற்றி அவன் நம்மிடம் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. வேறொரு கடையில் 4,300 ரூபாய்க்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை எடுத்தான். '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதே, போதாதா என்று நாம் அறிந்ததைக் காட்டிக் கேட்டோம். வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே அம்முத்திரை சொல்லுமாம். மின்னழுத்தம் எகிறினால் தன்னைத்தான் அணைத்துக்கொள்ளுமா என்பதைத் தனியே பார்க்க வேண்டுமாம். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், ஐந்தாண்டு உத்தரவாதம். அவன் போடவிருந்த கார்டுக்கு 130 வாட், பிராசஸருக்கு 65 வாட், மற்றவையெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தொடாது. பாதி வலுவில் ஓடும் பெட்டி நெடுநாள் உழைக்கும் என்று கணக்குச் சொன்னான். நாம் தலையசைத்தோம்.

நிற்க. பட்டியலில் அவன் முடிவு செய்யாமல் விட்டிருந்தது ஒன்றே. அது கிராபிக்ஸ் கார்டு. ஸ்ட்ரீமிங் செய்யும் கணிப்பொறி ஒரே வேளையில் இரண்டு வேலை பார்க்கிறது. ஆட்டத்தை வரைந்து காட்டுவது ஒன்று. வரைந்ததைச் சுருக்கி அனுப்புவது மற்றொன்று. 1080 வரிப் படம் நொடிக்கு 60 வீதம் என்றால், சுருக்காத நிலையில் நொடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் ஆகும். ட்விட்ச் போன்ற தளத்துக்கு அது 6,000 கிலோபிட்டாக, அதாவது ஐந்நூற்றில் ஒரு பங்காக, இறங்கியாக வேண்டும். இச்சுமையைப் பிராசஸர்மேல் ஏற்றினால் ஆட்டம் தடுமாறும். அதனால் கார்டுக்குள்ளேயே சுருக்கும் வேலைக்கென்று தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். என்விடியா 2012 முதல் அதை வைத்து வருகிறது.

அப்பகுதி எல்லாக் கார்டிலும் இராது என்பது கடைக்குப் போனபின்தான் நமக்குத் தெரிந்தது. விலை குறைவென்று ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. ஒன்றைக் காட்டினார்கள். 2022 ஜனவரியில் வெளிவந்தது, ஆட்டத்துக்குத் தாராளம். ஆனால் அதில் படம் சுருக்கும் பகுதி அறவே கிடையாது. ஸ்ட்ரீமிங்குக்கென்று கேட்டு வருபவன் கையில் அதைக் கொடுத்தனுப்பினால் பாவம், அவன் வீட்டுக்குப் போய்த்தான் அழுவான். ஜி.டி.எக்ஸ். 1650-இல் இன்னொரு சூட்சுமம். 2019 ஏப்ரலில் வந்த அக்கார்டில் இருப்பது பழைய தலைமுறைச் சுருக்கி; அதே ஆண்டு நவம்பரில் வந்த 'சூப்பர்' என்னும் வால் ஒட்டியதில்தான் புதியது.

இறுதியில் நின்றவை இரண்டு: ஆர்.எக்ஸ். 6600, ஆர்.டி.எக்ஸ். 3050, எட்டு ஜிபி. விலையில் பெரிய வேறுபாடில்லை. ஆட்ட வேகத்தில் 6600 தெளிவாக முந்தும். ஒளிபரப்பாகும் படத்தின் தரத்தில் 3050 முந்தும். கடையின் முன் நின்று, தன் கைப்பேசியில் அவன் இரண்டு படங்களை நமக்குக் காட்டினான். இரண்டிலும் மைதானத்துப் புல்தரை. பந்தோடு காமிரா ஓடும்போது ஒன்றில் புல் புல்லாகத் தெரிந்தது. மற்றொன்றில் பச்சைச் சாயம் பூசினாற்போல் குழைந்து போயிற்று. அந்தக் குழைவு விளையாடுபவன் கண்ணுக்குத் தெரியாது; பார்ப்பவனுக்கே தெரியும். "உன் ஆட்டத்துக்கு எது நல்லது?" என்று கேட்டோம். "6600தான் மாமா. ஆனால் என் மானிட்டர் நொடிக்கு 60 படம்தான் காட்டும். அதற்கு மேல் வேகம் இருந்து நான் என்ன செய்ய? பார்க்கிறவர்களுக்கு நன்றாய்த் தெரிய வேண்டும்" என்றான். 3050-ஐ எடுத்தான், 19,800 ரூபாய்.

அப்போதுதான் கடைக்காரர், "இன்னும் பத்தாயிரம் போட்டால் இதைவிட உயர்ந்த கார்டே கிடைக்கும், வட்டியில்லாத் தவணையும் உண்டு" என்றார். நம் வீட்டில் வட்டி நுழைந்ததில்லை. ஆயினும் 'வட்டியில்லா' என்ற சொல் நம்மையே ஒரு கணம் தடுமாற வைத்தது. மருமகன் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று விசாரித்தான். ஆயிரத்து இருநூறு குறைந்தது. அந்த ஆயிரத்து இருநூறுதான் வட்டி. பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள். இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில், சுழிய வட்டி என்று ஒன்று கிடையாது என வங்கிகளுக்கு எடுத்துரைத்திருந்ததை ஊர் திரும்பியபின் படித்து அறிந்தோம். கடைக்காரரைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் பிழைப்பு அது.

மற்ற உறுப்புகளை விரைவிலேயே முடித்தான். பிராசஸர், ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு திரெட். குளிர்விக்கும் விசிறி கூடவே வரும். 2022-இல் வந்த ஏ.எம்.5 வகை மதர்போர்டு பின்னாளில் மேம்படுத்த உதவும் என்றாலும், அது டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். செலவு எல்லையைத் தாண்டும். ஆகவே பழைய ஏ.எம்.4 போர்டு. ரேம் 16 ஜிபி. ஒரே துண்டாகக் கொடுத்ததைத் திருப்பிவிட்டு, எட்டு எட்டாக இரண்டு கேட்டான். இரண்டிருந்தால் இரு வழியாகப் போக்குவரத்து நடக்குமாம். அதற்கு அவன் கொடுத்தது 3,400. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்ள, விலை வெகுவாக ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் மக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. நல்ல வேளையில் வாங்கினோம் போலும். எஸ்.எஸ்.டி. 500 ஜிபி. கேபினட், அத்தெருவிலேயே அழகு குறைந்ததாக இருக்க வேண்டும்; கறுப்பு நிறம், முன்புறம் காற்றுக்கு வலை, விளக்கு ஒன்றுகூட இல்லை.

லுஹரை அண்ணா சாலை மக்கா மஸ்ஜிதில் தொழுதுவிட்டுக் கணக்குப் பார்த்தோம். 52,200 செலவாகியிருந்தது. மீதியில் 1,500-க்கு ஒரு மைக் வாங்கினான். முகம் தெரியாவிட்டாலும் கேட்பார்கள், குரல் சரியில்லாவிட்டால் போய்விடுவார்கள் என்பது அவன் அனுபவம். காமிராவுக்குக் கைப்பேசி போதும். பிறகு நம்மைத் தெருமுனையில் நிற்க வைத்துவிட்டு எங்கோ ஓடி, சிறு பொட்டலத்தோடு திரும்பினான்.

வீட்டுக்கூடத்தில் பாய் விரித்து அவனே பூட்டினான். 3200 என்று பெயர் பெற்ற ரேம் முதலில் 2400-இல்தான் ஓடியது. பயாஸில் நுழைந்து சரிசெய்ய ஒரு மாலை பிடித்தது. வியாழன் இரவு இஷாவுக்குப்பின் முதல் ஒளிபரப்பு. ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருள் வழியே செய்தான். நாம் நம் வீட்டிலிருந்து கைப்பேசியில் பார்த்தோம். பார்த்தவர் மொத்தம் பதினொருவர். அவர்களில் நாமும் ஒருவர். புல் புல்லாகவே தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் 2.7 ஜிபி போய்விட்டது என்று மறுநாள் சொன்னான். நல்ல வேளையாக ஊருக்குள் ஃபைபர் வந்துவிட்டிருந்தது.

அந்த வெள்ளியன்று ஜும்ஆ முடிந்து வருகையில், சென்னையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து நம் கையில் ஒன்றை வைத்தான். 64 ஜிபி பென் டிரைவ். அதைப்போல் இரண்டு வாங்கியிருக்கிறான். என்ன இருக்கிறது என்று கேட்டோம்.

"உம்மாவைப் பேசச் சொல்லி அந்த மைக்கில் பதிந்திருக்கிறேன், மாமா. ஒன்று வீட்டில் இருக்கிறது. இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும்."

வீட்டுப் பத்திரங்கள் வைக்கும் பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டினோம்.